கைப்பிடி ரப்பர்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் இஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுப்பார்கள். சைலன்சர் வாயில் விரலை விட்டு, கரி காய்ந்திருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டயரில் பட்டன் மிச்சம் இருக்கிறதா, செயின் தொங்குகிறதா, ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை கை மாறியிருக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம். எங்கள் ஊர் ஆசான் ஒருவர்தான், வண்டி பட்டறை வாசலுக்கு வந்ததும் ஹேண்டில் பாரின் இரண்டு நுனிகளையும் பிடித்துப் பார்ப்பார். மீட்டரை அவர் நம்பமாட்டார். “மீட்டர் கேபிளக் கழத்திப் போட்டுட்டு வருசக்கணக்கா ஓட்டலாம். கிரிப்பக் கழத்திப் போட்டுட்டு ஒருத்தனும் ஓட்டமாட்டான், கேட்டியா” என்பார்.

அந்தப் பட்டறை நாகர்கோவில் வடசேரியிலிருந்து பூதப்பாண்டி போகும் சாலையில் இருந்தது. முன்பக்கம் தகரக் கூரை, பின்பக்கம் புளியமரம். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்லூரி வயது. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறையில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் என்று கனமான வண்டிகள் ஒரு பக்கம் நிற்கும். 1985இல் சந்தைக்கு வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 இரண்டும் இன்னொரு பக்கம். அரசு ஊழியர்களின் பஜாஜ் சேட்டக்குகள் சுவரோரம் சாய்ந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் மரவேலைக்காரர், களரி கற்பிப்பவர், மருந்து அரைப்பவர் எல்லோருக்கும் ஆசான் என்ற பெயர் உண்டு. மெக்கானிக்கையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அப்பா கால்நடைத் துறையில் ஆய்வாளர். தோவாளை, செண்பகராமன்புதூர், ஆரல்வாய்மொழி என்று கிராமம் கிராமமாகப் போக ஒரு பழைய புல்லட் வைத்திருந்தார். திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த 350. எழுபது மில்லிமீட்டர் அகலச் சிலிண்டருக்குள் பிஸ்டன் தொண்ணூறு மில்லிமீட்டர் ஏறி இறங்கும் ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் அது. நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்தால் கண்ணாடி ஆடும், மட்கார்டு ஆடும், அப்பாவின் சட்டைப் பையில் பேனா ஆடும். அத்தனை அதிர்வும் கடைசியில் வந்து சேருமிடம் உள்ளங்கை. ஒரு நாள் முழுக்கக் கிராமம் சுற்றிவிட்டு வந்தால், சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையும்போதும் விரல் நுனி மரத்துப்போய் இருக்கிறது என்று அப்பா சொல்வதுண்டு. வயதாகிறது என்று அம்மா சொல்லிவிடுவார்.

கிரிப்புக்கு வயதாகிவிட்டது என்று சொன்னவர் ஆசான். அவர் அதை எப்படிப் படித்தார் என்பதை அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது கைப்பிடியில் வரி வரியாக இருக்க வேண்டிய மேடுகள் கட்டைவிரல் சுற்றும் இடத்தில் மொத்தமாகத் தேய்ந்து, ரப்பர் கண்ணாடிபோல மினுங்கியது. உள்ளங்கையின் அடிமேடு அழுந்தும் மேல்பக்கத்தில் ஒரு பள்ளம். ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி விழுந்த பள்ளம் அது. இடது கைப்பிடியில் வரிகள் பரவாயில்லை. ஆனால் அதன் வெளிநுனி கிழிந்து, உள்ளேயிருந்து இரும்புக் குழாயின் விளிம்பு எட்டிப் பார்த்தது. வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததும், வீட்டு நடையில் ஏற்றும்போது சுவரில் உரசியதும் அங்கே பதிவாகியிருந்தன. மேல்பக்கம் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கையை எடுத்தால் விரலில் கறுப்பு ஒட்டியது.

“சாரே, இது ரப்பர் இல்ல இப்ப. தாராக்கும்” என்றார் ஆசான்.

“ஓடுதே ஆசானே” என்றார் அப்பா.

“ஓடும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில ஓடுமான்னு பாக்கணும்.”

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பதிலின் கனம் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் ஒரு வாசல்போலத் திறந்திருப்பது ஆரல்வாய்மொழி கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, போக வழியில்லாமல் அந்த இடைவெளியில் பீறிக்கொண்டு வரும். பக்கத்தில் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக எழுந்ததற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். ஆனி, ஆடியில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது தனி வித்தை. காற்று ஒரே சீராக அடித்தால் வண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அது அப்படி அடிப்பதில்லை. லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும் கணத்தில் காற்று மறைந்து, லாரி போனதும் மறுபடி வந்து அறையும். அந்த இடத்தில் ஹேண்டில் பாரை இரண்டு கைகளாலும் இறுக்க வேண்டியிருக்கும். இறுக்கும்போது கைக்குள் இருக்கும் ரப்பர், குழாயைவிட்டு அரை அங்குலம் நழுவினாலும் போதும்.

அப்படி நழுவிய ஒரு வண்டியும் பட்டறைக்கு வந்திருந்தது. தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்வரும் ஒருவருடைய யமஹா. எங்கோ வழியில் ஒரு கடையில் புதுக் கிரிப் மாட்டிக்கொண்டு நேராகக் கணவாய்ப் பக்கம் போயிருக்கிறார். காற்று வந்து அறைந்ததும் இடது கிரிப் அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, சாலையோர மணலில் இறங்கி முழங்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று. ஆசான் அந்தக் கிரிப்பைத் திருப்பி உள்பக்கத்தில் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரலில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. இறுக்கமான கிரிப் வழுக்கிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று மாட்டியவர் தடவிவிட்டது. “உள்ள போவ வழுக்குனது வெளிய வரவும் வழுக்கும்லா? எண்ணெய் எங்க மக்கா காயும்?” என்று என்னிடம் கேட்டார். சோப்புப் போட்டுக் கழுவி அதையே மாட்டிவிடலாமே என்று பூக்காரர் கேட்டார். முடியாது என்றார் ஆசான். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்துவிடும். குடித்தால் உப்பும், இளகும், உள்ளே பிடி இருக்காது. அந்தப் புதுக் கிரிப் அன்றே குப்பைக்குப் போனது.

அதைப் பார்த்த பிறகு அப்பா மறுவார்த்தை பேசவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் புல்லட்டைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவன் இருந்தான். கீரிப்பாறைப் பக்கம் லைன் வீட்டிலிருந்து வருகிறவன். அவன் தாத்தா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க எங்கள் மாவட்டத்து மலையடிவாரங்களில் அரசே ரப்பர் நட்டது. பின்னால் 1984இல் அது அரசு ரப்பர் கழகம் ஆனது. பையனின் அப்பாவும் அம்மாவும் அங்கே பால்வெட்டுக்காரர்கள். கடையிலிருந்து வாங்கி வந்த புதுக் கிரிப்பை ஆசான் முதலில் அவனிடம்தான் கொடுப்பார். அவன் அதை மோந்து பார்ப்பான். நகத்தால் அழுத்தி, தடம் உடனே மறைகிறதா என்று பார்ப்பான். இரண்டு விளிம்பையும் பிடித்து இழுத்துவிடுவான். ரப்பராக இருந்தால் சட்டென்று பழைய நிலைக்கு வரும். பி.வி.சி. என்றால் சோம்பலாகத் திரும்பும். மலிவுக் கடைகளில் பளபளவென்று தொங்குவது பெரும்பாலும் இரண்டாவது ரகம். வெயிலில் நிறுத்தி வைத்தால், அதை இளக்கமாக வைத்திருக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசிந்து மேலே பிசுபிசுக்கும். கையில் பவுடர் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவர்களையும் எனக்குத் தெரியும்.

“வெட்டி எடுக்கவா, கழத்தி எடுக்கவா?” என்பது ஆசானின் முதல் கேள்வி. அதற்கு வாடிக்கையாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிக்கொள்வார். இடது பக்கம் ரப்பருக்குக் கீழே இருப்பது ஹேண்டில் பாரின் இரும்புக் குழாய். அதன் குறுக்களவு முக்காலே அரைக்கால் அங்குலம், இன்றைய கணக்கில் 22 மில்லிமீட்டர். கிரிப் எப்படியும் குப்பைக்குப் போகப் போகிறது என்றால், அங்கே கத்தியை வைத்து நுனியிலிருந்து உள்விளிம்பு வரை ஒரே கோடாகக் கீறி, வாழைத்தண்டுப் பட்டை உரிப்பதுபோல உரித்துவிடலாம். வலது பக்கம் கதை வேறு. அங்கே இரும்புக் குழாயின் மேல் இன்னொரு குழாய் சுழல்கிறது. ஆக்சிலேட்டர் கேபிளின் குண்டு அதில்தான் மாட்டியிருக்கும். கிரிப் ஏறியிருப்பது அந்தச் சுழலும் குழாய் மேல்தான். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் அந்தக் கீறல் நாளடைவில் வெடிப்பாகும். பிசிறு கிளம்பினால் கூட்டுக்குள் உரசி, ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் சிக்கும். அதனால் வலது பக்கத்தில் கத்தியை எடுக்க ஆசான் யாரையும் விட்டதில்லை.

அங்கே அவர் பயன்படுத்தியது அப்பா கொடுத்த ஊசி. மாட்டுக்கு மருந்து போடும் கண்ணாடிக் குழல் சிரிஞ்சு. பழசாகி ஒதுக்கியது. சைக்கிள் கம்பி ஒன்றைத் தட்டித் தட்டையாக்கி, முனையைச் சாணையில் வழவழப்பாகத் தேய்த்து வைத்திருப்பார். அந்தக் கம்பியைக் கிரிப்பின் உள்விளிம்புக்குக் கீழே மெதுவாக நுழைத்து, ரப்பரைத் தூக்கிப் பிடிப்பார். இடைவெளியில் பையன் சிரிஞ்சால் சோப்புத் தண்ணீரைப் பீச்சுவான். கம்பியைச் சுற்றிலும் ஒரு வட்டம் நகர்த்தி, மறுபடி பீச்சி, மறுபடி நகர்த்தி, பிறகு கிரிப்பை முழுக்கையால் பிடித்து இடமும் வலமும் முறுக்கினால், பழைய பசை விடும்போது ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அது வரும்வரை இழுக்கக் கூடாது. வந்த பிறகு இழுக்க வேண்டிய அவசியமே இருக்காது, முறுக்கிக்கொண்டே வந்தால் தானாகக் கழன்று வரும்.

அப்பாவின் கிரிப் கழன்றதும் உள்ளே பார்த்தோம். இடது குழாய் முழுக்கத் துரு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் எங்களுடையது. தென்மேற்கே கடல், தெற்கே கடல், தென்கிழக்கே கடல். கிழிந்த நுனி வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, குரோமியப் பூச்சைத் தின்று, குழாய் பொருக்குப் பொருக்காக இருந்தது. ஆசான் உப்புத்தாளைக் கிழித்துக் கீற்றாக்கி, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தார். முதலில் செந்நிறப் பொடி, பிறகு கறுப்புப் பொடி, பிறகு வெறும் இரும்பு. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் விட்டார். “புதுச் சட்டைய அழுக்கு உடம்புல போடுவியா?” என்று பையனைப் பார்த்துக் கேட்டார். பையன் சிரித்தான். அவன் சட்டை எப்போதும் கிரீசாகத்தான் இருக்கும்.

குழாய் காய்கிற நேரத்தில் டீ வரும். அந்த இடைவெளிகளில்தான் ரப்பரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தது. பையன் தன் வீட்டு வேலையைச் சொல்வான். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையில் சாய்வாக மெல்லிய கோடு வெட்டினால் பால் அந்தக் கோட்டோடு வழிந்து சிரட்டையில் சொட்டும். சேர்த்த பாலில் தண்ணீரும் கொஞ்சம் ஆசிட்டும் ஊற்றி டிஷ்ஷில் உறைய வைப்பார்கள். உறைந்ததை மெஷினில் கொடுத்துத் தகடாக்கி, புகைப்புரையில் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் ஷீட் தயார். பட்டையில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் ஒட்டுப்பாலையும் உரித்து எடுத்துத் தனி விலைக்குப் போடுவார்கள். மரம் இந்த ஊர் மரம் கிடையாது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அங்கிருந்து பரவித்தான் திருவிதாங்கூர் மலைகளிலும் ரப்பர் வேர்பிடித்தது. பையனின் குடும்பமும் இலங்கையிலிருந்து வந்து அந்த மரத்தடியில் நின்றது.

வெறும் ஷீட்டைச் சுருட்டிக் கைப்பிடியாக மாட்ட முடியாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் இந்த இரண்டு குணத்தையும் விட்டுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். கரித்தூள் சேர்த்தால் தேய்மானம் குறையும், வெயிலையும் தாங்கும். டயரும் கிரிப்பும் கறுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். அப்படியும் ரப்பருக்கு ஆயுள் உண்டு. காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் முதலில் கடிக்கும். கிரிப் எப்போதும் குழாய் மேல் இழுபட்டே இருக்கிறது. அதனால்தான் அதில் மயிரிழை வெடிப்புகள் வருகின்றன. கை வியர்வை, பெட்ரோல் பங்கில் கையில் படுவது, தலையில் தேய்த்த எண்ணெய், அப்பாவின் விஷயத்தில் மாட்டு மருந்து என எல்லாமே அதன்மேல்தான் இறங்குகின்றன. வண்டியில் மனிதத் தோல் நாள் முழுக்கப் படுகிற பாகம் அது ஒன்றுதான்.

மாட்டுவது கழற்றுவதைவிட நுட்பமான வேலை. ஜோடியில் இரண்டு கிரிப்பும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். துளை ஒன்றல்ல. இடதுக்கு 22 மில்லிமீட்டர், வலதுக்கு அந்தச் சுழலும் குழாயின் கனம் சேர்ந்து ஏறக்குறைய 25. மாற்றி மாட்ட முயன்றால் சின்னத் துளை வலது குழாயில் பாதியில் நின்றுவிடும், பெரிய துளை இடது குழாயில் தொளதொளவென்று சுற்றும். ஆசான் இரண்டையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, புளியமர வெளிச்சத்தில் துளை பார்த்துப் பிரித்து வைப்பார்.

அவர் மாட்டப் பயன்படுத்தியது பெட்ரோல். பெட்ரோல் எடுக்கும்போது பட்டறையில் பீடி கூடாது, சைலன்சர் சூடாக இருக்கும் வண்டியைத் தொடவும் கூடாது. இரண்டும் சட்டம். கிரிப்புக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, இரண்டு முனையையும் விரலால் அடைத்துக் குலுக்கி, வெளியே கொட்டிவிடுவார். உள்சுவர் நனைந்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் ரப்பர் வழுவழுப்பாகும், லேசாக உப்பவும் செய்யும். ஒரே தள்ளலில் முறுக்கிக்கொண்டே கடைசி வரை ஏற்றிவிட வேண்டும். பாதியில் யோசித்துக்கொண்டு நின்றால் பெட்ரோல் பறந்துவிடும், கிரிப் அங்கேயே உட்கார்ந்துவிடும், பிறகு அசைக்க முடியாது. இடது பக்கத்துக்கு மட்டும் குழாயில் பஞ்சர் சொல்யூஷன் ஒரு பூச்சு. ஈரமாக இருக்கும்வரை அதுவும் வழுக்கும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். வலது பக்கத்தில் பசை தடவினால் மிகக் கொஞ்சமாக, அதுவும் குழாயின் நடுவில் மட்டும். பிதுங்கி உள்ளே போய்க் கூட்டில் பட்டால் ஆக்சிலேட்டரையே ஒட்டிவிடும்.

கிரிப் உட்கார்ந்ததும் வலது பக்கத்தில் ஒரு காரியம் செய்வார். உள்விளிம்பு சுவிட்ச் கூட்டில் முட்டாமல், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே இழுத்துவிடுவார். பழைய தீப்பெட்டியின் அட்டையை மடித்து அந்த இடைவெளியில் விட்டுப் பார்ப்பார். அட்டை தடையில்லாமல் சுற்றி வர வேண்டும். விளிம்பு கூட்டில் உரசினால், திருகிய ஆக்சிலேட்டர் விட்டதும் திரும்பி வராது. அது கையில் இருக்கிற வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடுவதற்குச் சமம்.

வேலை முடிந்துவிட்டது என்று அப்பா சாவியை எடுத்தார்.

“நாளைக்குக் காலத்த எடுத்துக்கிடுங்க சாரே.”

“மாட்டியாச்சே?”

“மாட்டியாச்சு. காயல.”

அப்பாவுக்கு அன்று சாயங்காலம் ஆரல்வாய்மொழியில் ஒரு சினை மாட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. வாக்குவாதம் கொஞ்சம் நடந்தது. ஆசான் சாவியை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே வடசேரிக்கு நடந்து பஸ் பிடித்தார். கலெக்டர் வண்டியாக இருந்தாலும் புதுக் கிரிப் மாட்டினால் ராத்திரி பட்டறையில்தான் நிற்கும். மெக்கானிக்குகள் வண்டியைச் சொன்ன நேரத்தில் கொடுப்பதில்லை என்று ஊரில் எல்லோரும் குறைப்படுவார்கள். வேலை முடிந்த வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன மெக்கானிக்கை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் அவருக்கு வாடிக்கை போனதும் உண்டு. அரைமணி நேரத்தில் மாட்டிக் கையில் கொடுக்கிற கடைகளுக்குப் போனவர்கள் போனார்கள்.

மறுநாள் காலையில் சோதனை. இடது கிரிப்பை இரண்டு கையாலும் பிடித்து, துணி பிழிகிற பலத்தோடு முறுக்கினார். அசையவில்லை. பிறகு ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியின் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிச் சட்டென்று விட்டார். ‘டக்’ என்று அடித்துத் திரும்பியது. அந்தச் சத்தம் கேட்காமல் அவர் வண்டியை வெளியே விடமாட்டார். கடைசியாக இஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடி வரைக்கும் வலது கோடி வரைக்கும் திருப்பினார். “திருப்பும்போது ரேஸ் ஆவுதான்னு காத வச்சிக் கேளு மக்கா” என்றார். கேபிள் எங்காவது இழுபட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போது இஞ்சின் தானாக ரேஸ் ஆகும். வளைவில் அது வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புல்லட் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா ஏறி உட்கார்ந்து இரண்டு கிரிப்பையும் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, சாப்பிடும்போது விரல் மரப்பது குறைந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். தடித்த, இளகிய புது ரப்பர் அதிர்வில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொண்டது. வயது என்று அம்மா போட்ட கணக்கில் கொஞ்சம் கிரிப் கணக்கும் சேர்ந்திருந்தது.

சேட்டக் ஸ்கூட்டரில் இதே வேலையைப் பார்க்கும்போது ஆசான் இன்னும் கறாராக இருப்பார். அதில் இடது கிரிப்பும் சுழலும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிரிப்பைத் திருகினால்தான் கியர் விழும். கிரிப் மட்டும் சுற்றி, உள்குழாய் நின்ற இடத்தில் நின்றால், ஓட்டுகிறவர் இரண்டாவது கியர் என்று நினைத்திருப்பார், வண்டி முதல் கியரில் கதறிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் மொபெட்டுகளிலும் சைக்கிள்களிலும் கலர் கலராகக் குஞ்சம் தொங்கும் கிரிப்புகள் மாட்டுவது ஒரு மோகம். பையன்கள் கொண்டுவந்து மாட்டச் சொன்னால் ஆசான் மாட்டிக் கொடுப்பார், குஞ்சத்தின் நீளத்தைக் கத்தரித்துவிட்டு. நீளமான குஞ்சம் பிரேக் லிவருக்கும் கிரிப்புக்கும் நடுவே போய்ச் சிக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

ஆசான் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் வேறு கடை. வேலை பழகிய பையன் வளைகுடாவுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். இன்று கம்ப்ரசர் இல்லாத பட்டறை கிடையாது. கிரிப்பின் உள்விளிம்புக்குக் கீழே காற்றுக் குழலின் முனையை நுழைத்து அழுத்தினால், ரப்பர் பலூன்போல உப்பி, கை வைத்ததும் கழன்றுவிடுகிறது. கத்தியும் வேண்டாம், சோப்புத் தண்ணீரும் வேண்டாம், நல்ல கிரிப்பாக இருந்தால் கிழியாமல் எடுத்து மறுபடி மாட்டவும் செய்யலாம். மாட்டும்போதும் அதே காற்று போதும். பெட்ரோலுக்குப் பதில் கையில் தடவும் சானிடைசர், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே என்று உடனே பறந்துபோகும் திரவங்கள் வந்துவிட்டன. கிரிப்புக்கென்றே பசையும் விற்கிறது. முறைகள் எல்லாம் மேம்பட்டிருக்கின்றன. காயும் நேரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதைக் கொடுக்கத்தான் யாருக்கும் மனமில்லை. நான் கிரிப் மாற்றக் கொடுத்த பட்டறைகளில் மாட்டிய கையோடு சாவியை நீட்டாத ஒருவரும் இல்லை. காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டவும், சத்தம் கூட்டும் சைலன்சர் மாட்டவும், நீல விளக்கு போடவும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிற பிள்ளைகள், கையில் கறுப்பு ஒட்டுகிற கிரிப்போடு சுற்றுவதைத் தினமும் சிக்னலில் பார்க்கிறேன். நூறு சி.சி. வண்டிகளுக்கான சாதாரண ஜோடி இன்றும் இரண்டு லிட்டர் பெட்ரோல் விலைக்குள் கிடைக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். இடது கிரிப்பை இறுகப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், சுற்றினால் மாற்றுங்கள். வலது கிரிப்பை முழுக்கத் திருகிக் கையை எடுங்கள், ‘டக்’ என்று திரும்பாவிட்டால் அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், எண்ணெய் தடவ விடாதீர்கள், ஒரு ராத்திரி காயவிடுங்கள். அவசரம் என்றால் அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போங்கள்.